நிலாவரைக் காசு நிலாவரைக்கே: உரும்பிராய் மக்களின் கோரிக்கைச் சாசனம்

வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையின் தவிசாளருக்கும் உறுப்பினர்களுக்கும், வடமாகாண உள்ளூராட்சித் திணைக்களத்துக்கும், தொல்லியல் திணைக்களத்துக்கும், அயலில் உள்ள வலிகாமம் வடக்கு, காரைநகர், வேலணைப் பிரதேச சபைகளுக்கும்:

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு சனிக்கிழமை உரும்பிராய்ச் சந்தியில் அரை மணித்தியாலம் நின்றால் எங்கள் பேச்சின் காரணம் விளங்கும். தெற்கிலிருந்து வந்த சுற்றுலாப் பஸ்கள், கனடாவிலும் பிரான்சிலும் இருந்து லீவுக்கு வந்த உறவுகளை ஏற்றிய வான்கள், பாடசாலைச் சுற்றுலா பஸ்கள் என்று பலாலி வீதி நிறைந்துபோகும். இப்படி வருபவர்கள் நிலாவரைக் கிணற்றையும் கீரிமலைக் கேணியையும் பார்ப்பார்கள், காரைநகர் கசூரினாக் கடற்கரையிலோ வேலணைச் சாட்டிக் கடற்கரையிலோ குளிப்பார்கள். வருவதும் பார்ப்பதும் குளிப்பதும் நல்லதுதான். அவர்கள் போன பிறகு கூட்டுவது யார், கழுவுவது யார், அதற்குக் காசு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் நாங்கள் பேச வந்திருக்கிறோம்.

நவக்கிரியில் இருக்கும் நிலாவரைக் கிணறு எங்கள் பிரதேச சபையின் எல்லைக்குள் இருக்கிறது. அங்கே போகும் ஆட்களும் நாங்கள்தான், அதைப் பராமரிக்கும் சபைக்கு வரி கட்டும் ஆட்களும் நாங்கள்தான். ஆகவே இரண்டு உரிமையோடு பேசுகிறோம்.

எங்கள் முன்னோர் கேணிக்குக் காசு வாங்கியதில்லை. வழிப்போக்கருக்கு மடம் கட்டினார்கள், சுமை இறக்கச் சுமைதாங்கி வைத்தார்கள், மாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டியும் ஆவுரஞ்சிக் கல்லும் வைத்தார்கள். எதற்கும் சீட்டுக் கிழித்ததில்லை. ஆனால் அன்று கேணியில் குளித்தவனே கோடையில் இறங்கி அதன் தூரையும் வாரினான். இன்று குளிப்பவர் பின்னேரமே பஸ் ஏறிப் போய்விடுகிறார். உழைப்பாகக் கொடுத்ததை இனிக் காசாகக் கொடுக்க வேண்டும். வருகையாளர் கட்டணத்தை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அது எப்படி வாங்கப்பட வேண்டும், எங்கே செலவழிய வேண்டும் என்பதற்கான எங்கள் கோரிக்கைகள் பத்து.

1. வாங்கிய இடத்திலேயே காசு செலவழிய வேண்டும்.

நிலாவரையில் அறவிடும் ஒவ்வொரு ரூபாயும் நிலாவரைக்கென்று திறக்கப்பட்ட தனிக் கணக்கில் விழ வேண்டும். அந்த இடத்தின் கூலி, துப்புரவு, திருத்தம், பாதுகாப்பு எல்லாம் முடிந்து மீதி இருந்தால் மட்டும் அது சபையின் பொதுநிதிக்குப் போகலாம். பொதுநிதியில் கலந்த காசு எங்கே போனதென்று தேட முடியாது. தேட முடியாத காசை மனமுவந்து கொடுக்கவும் யாரும் வரமாட்டார்கள். அமெரிக்காவில் பொது நிலங்களின் வருகையாளர் கட்டணத்துக்கென 2004இல் இயற்றிய சட்டம், வசூலில் குறைந்தது 80 வீதத்தை வசூலித்த இடத்திலேயே செலவிட வேண்டும் என்கிறது. அதே 80 வீதத்தை எங்கள் சபையும் அடிமட்ட அளவாக வைக்கட்டும். சபையின் கணக்காண்டு ஜனவரியில் தொடங்குகிறது. வரும் வரவு செலவுத் திட்டத்திலேயே இந்தத் தனிக் கணக்குக்கு ஒரு தலைப்பு இருக்க வேண்டும். தவறினால் இன்னொரு வருடம் வீணாகும்.

2. கட்டணம் எழுத்தில் இருக்க வேண்டும், சீட்டில் இலக்கம் இருக்க வேண்டும்.

வாசலில் நிற்பவர் வாயால் சொல்வது கட்டணம் ஆகாது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் சபைக்கு உபவிதி இயற்றும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. அந்த வழியிலேயே, சபையில் தீர்மானம் எடுத்து, வர்த்தமானியில் வெளியிட்டு, கட்டணத்தை நடைமுறைப்படுத்துங்கள். கட்டணப் பட்டியல் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வாசல் பலகையில் நிற்க வேண்டும். காசு கொடுத்த ஒவ்வொருவர் கையிலும் தொடர் இலக்கம் அச்சிட்ட பற்றுச்சீட்டு இருக்க வேண்டும். சீட்டு இல்லையென்றால் காசும் இல்லை என்ற வாசகம் அந்தப் பலகையின் முதல் வரியாக இருக்கட்டும். பலகை எழுதவும் சீட்டுப் புத்தகம் அடிக்கவும் ஒரு மாதம் போதும்.

3. முதலில் மலசலகூடம், பிறகு கட்டணம்.

தண்ணீர் வரும், உள்ளே கொழுக்கி பூட்டும், பெண்கள் பயமில்லாமல் போய்வரும் மலசலகூடம் இல்லாத இடத்தில் கட்டணம் வாங்க ஒருவருக்கும் உரிமை இல்லை. சக்கர நாற்காலியில் வருபவருக்குச் சரிவுப் பாதையுடன் ஒன்று, கைக்குழந்தையோடு வரும் தாய்க்கு ஒதுக்கமாக ஓர் அறை, குடிக்கத் தண்ணீர், இருக்க நிழல் ஆகியவை சேர்ந்தவைதான் வசதி. மலசலகூடத்துக்கென்று வேறாகக் காசு கேட்கக் கூடாது. அது நுழைவுக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டும். பஸ்ஸில் நாலு மணித்தியாலம் இருந்து வந்த பாடசாலைப் பிள்ளைகள் இறங்கியதும் முதலில் தேடுவது கிணற்றை இல்லை, மலசலகூடத்தைத்தான். அடுத்த தவணை விடுமுறைக்கு முன் இது முடிய வேண்டும்.

4. தலைக்கு வாங்காமல் வாகனத்துக்கு வாங்குங்கள்.

இடத்துக்குப் பாரம் ஏற்றுவது வாகனம். வீதியை அடைப்பதும், புழுதி கிளப்புவதும், ஒரே நேரத்தில் ஐம்பது பேரை இறக்குவதும் அதுதான். எங்கள் பிரேரணை இது: நடந்து வருபவருக்கும் சைக்கிளுக்கும் கட்டணம் இல்லை; மோட்டார் சைக்கிளுக்கு 50 ரூபாய்; ஓட்டோவுக்கு 100; கார், வானுக்கு 300; பஸ்ஸுக்கு 1500. இப்படிச் செய்தால் பின்னேரம் சைக்கிளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு வரும் தோட்டக்காரர் தன் ஊர்க் கிணற்றைப் பார்க்கக் காசு கொடுக்கும் நிலை வராது. ஆளை எண்ணும் தகராறு இல்லை, வாசலில் வரிசை இல்லை, மாலையில் வாகனத் தொகையையும் சீட்டுத் தொகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும் சுலபம். தொகையைச் சபை கூட்டலாம், குறைக்கலாம். முறையை மாற்ற வேண்டாம்.

5. முகம் பார்த்துக் கட்டணம் சொல்லக் கூடாது.

சிகிரியாவிலும் பேராதனைப் பூங்காவிலும் உள்நாட்டவருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு இன்னொரு விலை. அந்த வழக்கம் நிலாவரைக்கு வேண்டாம். இங்கே வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருபவர்களில் பெரும்பகுதி எங்கள் வீட்டுப் பிள்ளைகள். இடம்பெயர்ந்து போன மகனின் மகள், தாத்தா தண்ணீர் அள்ளிய கிணற்றைப் பார்க்க வரும்போது அவளிடம் பாஷையையும் உடுப்பையும் பார்த்து விலை சொல்வது எங்களுக்கு வெட்கம். அதேபோல் காலியிலிருந்தோ கண்டியிலிருந்தோ வரும் குடும்பத்திடம் அதிகம் கேட்பதும் வெட்கம். எல்லா வாகனத்துக்கும் ஒரே பட்டியல். கூடக் கொடுக்க விரும்புகிறவருக்கு வாசலில் ஒரு நன்கொடைப் பெட்டியும் அதற்கும் ஒரு பற்றுச்சீட்டும் இருந்தால் போதும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. கட்டணப் பலகை எழுதும் நாளிலேயே செய்துவிடலாம்.

6. கடமை செய்ய வருபவரிடம் கட்டணம் கேட்காதீர்கள்.

ஆடி அமாவாசையில் தகப்பனுக்கு விரதம் பிடித்துக் கீரிமலையில் தீர்த்தமாடுபவர் சுற்றுலாப் பயணி இல்லை. அந்தியேட்டிக்கு வரும் குடும்பமும், சாம்பல் கரைக்க வரும் பிள்ளையும் அப்படித்தான். அங்குள்ள நகுலேஸ்வரம் கோயிலுக்குக் கும்பிட வருபவரிடமும் கேணிக் கட்டணம் கேட்கக் கூடாது. 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் பல வருடங்கள் இந்தக் கடமைகளைக் கீரிமலையில் செய்ய முடியாமல் இருந்தார்கள். பாதை திறந்த பிறகு கட்டணம் தடையாக நிற்கக் கூடாது. இத்தாலியில் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல் பகல்நேரப் பயணிகளிடம் ஐந்து யூரோ வாங்கத் தொடங்கியபோதும், அங்கே குடியிருப்பவரிடம் வாங்கவில்லை. அதே நியாயப்படி, அந்தந்த இடத்தின் கிராம அலுவலர் பிரிவில் வசிப்பவர், முதியோர், மாற்றுத்திறனாளிகள், பாடசாலைச் சீருடையில் வரும் பிள்ளைகள் ஆகியோருக்கான விலக்கு உபவிதியிலேயே எழுதப்பட வேண்டும். வாசலில் நிற்பவரின் இரக்கத்துக்கு இதை விடக் கூடாது. அடுத்த ஆடி அமாவாசைக்கு முன் வலிகாமம் வடக்குச் சபை இதைத் தீர்மானமாக எடுக்கட்டும்.

7. முதல் செலவு தண்ணீருக்கு.

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடும் ஆறு. நாங்கள் குடிப்பதும் எங்கள் செம்மண் தோட்டங்களுக்கு இறைப்பதும் நிலத்தடிச் சுண்ணாம்புப் பாறையில் தங்கிய மழைநீரைத்தான். நிலாவரையில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது அந்தப் பாறை எங்களுக்குக் கண்முன் காட்டும் பாடம். இராமர் அம்பு ஊன்றிய இடம் என்று கதை சொல்லிப் பார்க்க வருபவர், வெடிப்பும் துவாரமும் நிறைந்த அந்தப் பாறையில் ஓரிடத்தில் விழும் அழுக்கு அயல் கிணறுகளுக்கும் போகும் என்பதை அறிந்திருக்க மாட்டார். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததால் பட்ட பாட்டை நாங்கள் மறக்கவில்லை. ஆகவே கிணற்றைச் சுற்றி ஆள் எட்ட முடியாத, ஆனால் பார்வையை மறைக்காத வேலி வேண்டும். சொப்பின் பையும் லஞ்ச் சீற்றும் வெறும் போத்தலும் வாசலிலேயே வாங்கி வைக்கப்பட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தண்ணீர் பரிசோதிக்கப்பட்டு முடிவு பலகையில் ஒட்டப்பட வேண்டும். இதில் தாமதம் மட்டும் திருத்த முடியாதது. வேலியைப் பிந்தியும் போடலாம். கெட்ட நிலத்தடி நீரைப் பிந்தித் துப்புரவாக்க முடியாது.

8. கடலில் காசு வாங்கினால் கரையில் உயிர்காப்பாளர் நிற்க வேண்டும்.

கசூரினாவில் நுழைவுக்குக் கட்டணம் வாங்கும் வழக்கம் எப்போதோ வந்துவிட்டது. அலை குறைந்த, ஆழமில்லாத கடல் என்ற நம்பிக்கையில் நீச்சல் தெரியாத பிள்ளைகளும் அங்கே இறங்குகிறார்கள். உரும்பிராயிலும் சுற்றுவட்டத்திலும் கிணற்றில் குளித்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கடல் பழக்கமில்லை. சீட்டு விற்பவர் இருக்கும் நேரமெல்லாம் பயிற்சி பெற்ற உயிர்காப்பாளரும் இருக்க வேண்டும். குளிக்கத்தக்க எல்லை கொடி நட்டுக் காட்டப்பட வேண்டும். முதலுதவிப் பெட்டியும் அருகிலுள்ள வைத்தியசாலையின் தொலைபேசி இலக்கமும் கரையில் இருக்க வேண்டும். கரையோரக் கிராமங்களில் கடலை அறிந்த இளைஞர்கள் இருக்கிறார்கள். பயிற்சி கொடுத்து வேலை கொடுங்கள். காரைநகர், வேலணைச் சபைகளிடம் அடுத்த நீண்ட வார விடுமுறைக்கு முன் இதை எதிர்பார்க்கிறோம்.

9. வாசலைக் குத்தகைக்கு விடாதீர்கள். கணக்கை வெளியே ஒட்டுங்கள்.

சந்தையையும் வாகனத் தரிப்பிடத்தையும் கேள்விமனு கோரிக் குத்தகைக்கு விடுவது சபைகளின் வழமை. குத்தகைக்காரர் முதலில் தான் போட்ட காசை எடுக்கப் பார்ப்பார். கூட்டுவதும் கழுவுவதும் அவருக்கு நட்டம். பொழுதுபோக்கு இடங்களில் சபையே ஆள் வைத்து வசூலிக்கட்டும். அந்த வேலையில் அயல் கிராமத்துப் பெண்களுக்கு முதலிடம் கொடுக்கட்டும். மாதம் முடிந்து பத்து நாளுக்குள் எத்தனை சீட்டு விற்றது, எவ்வளவு வந்தது, எதற்குச் செலவானது என்ற ஒரு பக்கக் கணக்கு வாசலில் தொங்க வேண்டும். கோயில் திருவிழாவுக்கு உபயம் கட்டினால் பற்றுச்சீட்டுத் தருகிறார்கள். மகாசபையில் வரவு செலவு வாசிக்கிறார்கள். ஒரு ரூபாய் பிழைத்தாலும் எழும்பிக் கேட்கிறோம். பொது இடத்துக்கும் அதே நியாயம்தான். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் நாங்கள் கேட்டால் தரவேண்டிய கணக்கைக் கேட்காமலே தருவது சபைக்கும் வேலை குறைவு. முதலாவது சீட்டு விற்ற மாதத்திலிருந்தே இந்தக் கணக்கு வெளிவர வேண்டும். பழைய கணக்கைத் திரட்டித் தருகிறோம் என்ற சொல் எங்களுக்கு வேண்டாம்.

10. பொறுப்பு யாருடையது என்பதை எழுதி முடியுங்கள்.

2021 ஜனவரியில் நிலாவரையில் தொல்லியல் திணைக்களத்தின் அகழ்வு தொடங்கியபோது சபைக்கும் திணைக்களத்துக்கும் இடையே எழுந்த இழுபறியை நாங்கள் எல்லோரும் அறிவோம். யாருக்கு என்ன அதிகாரம் என்ற வழக்காடலை இந்தச் சாசனத்துக்குள் கொண்டுவர நாங்கள் விரும்பவில்லை. ஆனால் இரண்டு பேர் உரிமை கோரும் கிணற்றடியைக் கூட்ட ஒருவரும் வராமல் போகக் கூடாது. பராமரிப்பும் கட்டணமும் அன்றாட நிர்வாகமும் பிரதேச சபையிடம் இருக்கட்டும்; தொல்லியல் ஆலோசனை தேவைப்படும் வேலைகளில் திணைக்களம் ஆலோசனை சொல்லட்டும். சபை, திணைக்களம், நவக்கிரி, புத்தூர் மக்கள், அயல் தோட்டக்காரர், எங்களைப் போன்ற சபை எல்லைக்குள் வாழ்பவர்கள் ஆகியோரின் பிரதிநிதிகள் இருக்கும் மேற்பார்வைக் குழு ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிணற்றடியிலேயே கூட வேண்டும். இந்தப் பொறுப்புகளை எழுதும் ஒப்பந்தம் இரண்டு பக்கம்தான் வரும். அதை எழுத ஐந்து வருடம் தேவையில்லை.

இனித் தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தது. 2025 மே 6இல் தேர்தல் நடக்கும் வரை இரண்டு வருடத்துக்கு மேலாக மக்கள் தெரிவு செய்த உறுப்பினர் இல்லாமலே சபைகள் ஓடின. தீர்மானம் எடுக்கச் சபை இல்லை என்ற பதிலை அந்தக் காலத்தில் நாங்கள் பொறுத்துக்கொண்டோம். இப்போது தவிசாளர் இருக்கிறார், உறுப்பினர்கள் இருக்கிறார்கள், சபை மாதாமாதம் கூடுகிறது. அந்தப் பதில் இனிச் செல்லாது.

எங்கள் பக்கத்துக் கடமையையும் எழுதி வைக்கிறோம். கட்டணம் நியாயமாக வந்த நாளிலிருந்து வாகனத்தில் போகும் நாங்கள் பேரம் பேசாமல் கொடுப்போம். தெரிந்த ஆள் வாசலில் நிற்கிறார் என்று சும்மா உள்ளே போகமாட்டோம். கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவருவோம். மாரிக்கு முன் ஒரு நாள், மாரிக்குப் பின் ஒரு நாள் என்று வருடத்துக்கு இரண்டு நாள் நிலாவரையில் சிரமதானத்துக்கு உரும்பிராயிலிருந்து ஆள் வரும். மண்வெட்டியும் கடகமும் எங்களுடையது.

நாங்கள் கேட்கும் காலக்கெடு இது. இச்சாசனம் கையளித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பத்துக் கோரிக்கைக்கும் எழுத்தில் பதில். 60 நாளுக்குள் கட்டணப் பலகையும் இலக்கமிட்ட சீட்டும் தயார்; சீட்டு விற்பனை மலசலகூடம் திறந்த பிறகுதான். 90 நாளுக்குள் மலசலகூடமும் கிணற்று வேலியும் மேற்பார்வைக் குழுவின் முதல் கூட்டமும். வரும் வரவு செலவுத் திட்டத்தில் தனிக் கணக்கு. அடுத்த நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன் எல்லாம் நடைமுறையில்.

பத்தில் எதுவும் புதிய சட்டம் கேட்கவில்லை. கொழும்பிலிருந்து காசும் கேட்கவில்லை. 30ஆவது நாள் சபை மண்டபத்துக்கு வருவோம். பதிலை வாசிக்கத் தயாராக இருங்கள்.

இவ்வண்ணம்,
உரும்பிராய் மக்கள்